பௌதிகவியலும் மருத்துவக் கனவும்: வாவிக்கரை மாணவர் முன்னுள்ள கணக்கு

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள பல வீடுகளில் ஒரே விதமான உரையாடலைக் கேட்க முடிகின்றது. உயிரியலில் 'ஏ', இரசாயனவியலில் 'பி', பௌதிகவியலில் 'சி' அல்லது 'எஸ்'. பௌதிகம் காலை வாரிவிட்டது என்று பிள்ளை சொல்லும். அடுத்த தடவை பார்ப்போம் என்று பெற்றோர் தேற்றுவர். களுவாஞ்சிக்குடியிலும் காத்தான்குடியிலும், ஏறாவூரிலும் வந்தாறுமூலையிலும், மருத்துவ பீடத்தை நோக்கிப் படித்த பிள்ளைகளின் வீடுகளில் இக்கதை இன, மத வேறுபாடின்றி நிகழ்வதாகும்.

இதனையொட்டிப் பெற்றோர் சிலர் நியாயமாகவே ஒரு கேள்வியை எழுப்புகின்றனர். வைத்தியராக விரும்பும் பிள்ளைக்குப் பௌதிகவியல் எதற்கு? சாய்தளத்தில் வழுக்கும் மரக்குற்றியையும், கப்பியில் தொங்கும் திணிவையும் பற்றிய கணக்குகளுக்கும் நோயாளியின் கட்டிலுக்கும் என்ன தொடர்பு? இக்கேள்விக்கு வகுப்பறையில் உரிய விடை கிடைக்காமையே எமது பிரதேச மாணவர்கள் இப்பாடத்தில் பின்தங்குவதற்குரிய காரணங்களுள் முக்கியமானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

முதலில் எமது நாட்டின் முறைமையைச் சற்று நோக்குதல் வேண்டும். அமெரிக்காவில் மருத்துவம் என்பது பட்டதாரிகளுக்குரிய படிப்பு. மாணவர் முதலில் நான்கு ஆண்டுகள் ஏதேனும் ஒரு துறையில் இளமாணிப் பட்டம் பெறுவர். அது பௌதிகவியலாகவும் இருக்கலாம், வரலாறாகவும் இருக்கலாம். எனினும் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் ஆய்வுகூடப் பயிற்சியுடன் கூடிய ஓராண்டுப் பௌதிகவியலை எதிர்பார்க்கின்றன. 2015இல் மாற்றியமைக்கப்பட்ட அந்நாட்டின் மருத்துவ நுழைவுத் தேர்வில், உயிர்த் தொகுதிகளின் இரசாயன, பௌதிக அடிப்படைகள் பற்றிய ஒரு பகுதி தனியாகவே உள்ளது. அவுஸ்திரேலியாவில் பட்டதாரிகளுக்கான மருத்துவ நுழைவுத் தேர்வின் விஞ்ஞானப் பகுதியில் ஐந்திலொரு பங்கு பௌதிகவியலுக்குரியது. புலம்பெயர்ந்த எம்மவரின் பிள்ளைகள் இருபது வயதைக் கடந்த பின்னர் பட்டப்படிப்பின் ஊடாகச் செய்கின்ற இந்த ஆயத்தத்தை, இலங்கையில் வாழும் பிள்ளை பதினேழு, பதினெட்டு வயதில், பாடசாலையிலேயே செய்து முடிக்க வேண்டியுள்ளது. இங்கு உயர்தர வகுப்பே மருத்துவத்துக்கான முன்னாயத்தப் படிப்பாகும். முதலில் பௌதிகவியற் பட்டம் பெற்று, அதன் பின்னர் அரச மருத்துவ பீடமொன்றில் நுழைவதற்கு வழி இல்லை. மேலும், உயிரியல் பிரிவில் பயின்றவர்களுக்கு இணைந்த கணிதம் இல்லாமையால், பல்கலைக்கழகத்தில் பௌதிக விஞ்ஞானப் பட்டநெறியின் கதவும் பெரும்பாலும் மூடியே இருக்கும்.

உயர்தரத்தில் இப்பாடத்தின் நிறை காலத்துக்குக் காலம் மாறியுள்ளது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முன்னர் மருத்துவத்தை நாடியோர் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல், பௌதிகவியல் என நான்கு பாடங்களுக்குத் தோற்றினர். அப்போது பௌதிகவியல் நான்கில் ஒரு பங்கு. 2000ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து பாடங்கள் மூன்றாகக் குறைக்கப்பட்டு, தாவரவியலும் விலங்கியலும் உயிரியல் என ஒன்றாயின. அன்றிலிருந்து பௌதிகவியல் மூன்றில் ஒரு பங்கு. அதாவது, உயிரினங்களைப் பற்றிய படிப்பின் பங்கு அரைவாசியிலிருந்து மூன்றிலொன்றாகக் குறைய, பௌதிகவியலின் பங்கு கூடியது. இந்தியாவின் நீட் தேர்விலோ 180 வினாக்களில் 90 உயிரியல், 45 பௌதிகவியல். எமது பிள்ளைகளின் தலைவிதியைத் தீர்மானிப்பதில் இப்பாடத்துக்கு உள்ள செல்வாக்கு அங்குள்ளதிலும் அதிகம் என்பது இதனாற் புலனாகும்.

இவற்றுடன் இசெட் புள்ளி முறையும் சேர்கின்றது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, அதனை நியம விலகலால் வகுத்துப் பெறுவதே இசெட் புள்ளி. மூன்று பாடங்களுக்குமான இப்பெறுமானங்களின் சராசரியே இறுதியில் பார்க்கப்படுகின்றது. ஒரு கற்பனை உதாரணம்: ஒரு பாடத்தின் சராசரி 40, நியம விலகல் 15 எனில் அதில் 70 பெற்றவருக்கு 2 கிடைக்கும். வேறொரு பாடத்தின் சராசரி 55, நியம விலகல் அதே 15 எனில், அங்கு அதே 2ஐப் பெற 85 வேண்டும். ஆகவே எல்லோரும் தடுமாறும் பாடத்தில் ஒருவர் உறுதியாக நின்றாரெனில் அவருக்குக் கிடைக்கும் இலாபம் பெரிது. பௌதிகவியலைத் தப்பினாற் போதும் என்று ஒதுக்கிவிட்டு உயிரியலை மனனஞ் செய்வதிலேயே காலத்தைச் செலவிடும் மாணவர், தமக்கு அதிக ஆதாயந் தரக்கூடிய நிலத்தைத் தரிசாக விடுகின்றனர் எனலாம்.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு தழுவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதத்திலும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பகிரப்படுகின்றன. மட்டக்களப்பு அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. இவ்வொதுக்கீட்டினால் எமது மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி சற்றுத் தாழ்ந்திருக்கலாம். ஆனால் அது மாவட்டத்துக்கு உள்ளேயே நிலவும் ஏற்றத்தாழ்வைத் தொடுவதில்லை. நகரத்தின் பெரிய பாடசாலைகளில் படிக்கும் பிள்ளையும், படுவான்கரையில் பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத பாடசாலையிற் படிக்கும் பிள்ளையும் அதே மாவட்ட ஒதுக்கீட்டுக்கே போட்டியிடுகின்றனர்.

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து அவ்வழியே வகுப்புக்கு வந்த பிள்ளைகள் 'பாதை' எனப்படும் மிதவையிலேயே வாவியைக் கடந்தனர். பாலம் வந்து பயணத்தைக் குறைத்தது. ஆசிரியரை அக்கரைக்கு அழைத்துச் சென்றதா என்பது வேறு கேள்வி. நீண்ட யுத்தமும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் கரையோரப் பாடசாலைகளின் ஆய்வுகூடங்களை எந்நிலைக்கு ஆளாக்கின என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றி எல்லோரும் பேசுகின்றனர். அதற்கு நிகரான இன்னொரு குறை பேசப்படுவதில்லை. உயிரியல் பிரிவைத் தெரிவு செய்யும் மாணவரின் கணிதப் படிப்பு சாதாரண தரத்தோடு முடிந்துவிடுகின்றது. ஆனால் பௌதிகவியல் வினாத்தாள் கணிதப் பிரிவு மாணவருக்கும் இவர்களுக்கும் ஒன்றே. 50 பல்தேர்வு வினாக்களை இரண்டு மணித்தியாலத்திற் செய்ய வேண்டும், கணிப்பான் இல்லை. மடக்கை, திரிகோண விகிதம், வரைபின் படித்திறன், காவிகளின் பிரிப்பு ஆகியன கைப்பழக்கமாக இராவிடின் பௌதிகவியலை விளங்கியவர் கூடத் தோற்றுப்போவார். நல்வாய்ப்பாக, இப்பாடத்திட்டத்துக்கு நுண்கணிதம் தேவைப்படுவதில்லை. தேவைப்படுவது சாதாரண தரக் கணிதத்தைச் சற்றுக் கூர்மையாக்குதல் மட்டுமே. சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தர வகுப்பின் ஆரம்பத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் இதனைச் செய்யலாம். நடைமுறையில் அந்த மாதங்களில் பிள்ளைகள் உயிரியல் 'நோட்ஸ்' எழுதத் தொடங்கிவிடுகின்றனர்.

இரண்டாவது குறை செய்முறை. தனியான செய்முறைப் பரீட்சை இன்று இல்லையாதலால், ஆய்வுகூடத்தைப் பூட்டி வைத்துவிட்டுச் செய்முறைகளையும் கரும்பலகையிலேயே நடத்திவிடும் வழக்கம் வந்துவிட்டது. ஆனால் அமைப்புக் கட்டுரை வினாக்களில் செய்முறை சார்ந்தவையே முக்கிய இடம் பெறுகின்றன. வேணியர் இடுக்கியைக் கையிற் பிடித்தே இராத மாணவர் அதன் பூச்சிய வழுவைப் பற்றி எழுதுவது, கடலைக் காணாதவர் தோணி ஓட்டுவது பற்றி எழுதுவது போன்றதே.

தோணி என்றதும் எமது வாவியே நினைவுக்கு வருகின்றது. பௌதிகவியலுக்கும் மருத்துவத்துக்கும் உள்ள உறவை விளக்குவதற்கு மட்டக்களப்பைப் போன்ற பொருத்தமான இடம் வேறில்லை என்றே சொல்லத் தோன்றுகின்றது. கல்லடிப் பாலத்தடியில் நிலாக்கால இரவுகளில் கேட்கும் 'பாடும் மீன்' ஒலியை அறியாதவர் இல்லை. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தமது நூலில், இரவில் இவ்வாவியிற் படகேறிச் சென்று அவ்வொலியைக் கேட்டதையும், படகின் மரத்தில் காதை வைத்தபோது அது மிகுந்து ஒலித்ததையும் பதிவு செய்துள்ளார். எமது மீனவர் துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்பர். 1954இல் இயேசு சபைத் துறவியான அருட்தந்தை லாங் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அதனைப் பதிவு செய்ய, அது இலங்கை வானொலியிலும் ஒலிபரப்பாகியது. ஒலியை எழுப்புவது மீனா, ஊரியா என்ற விவாதத்தை உயிரியலாளரிடம் விட்டுவிடலாம். எமது கேள்வி வேறு: காற்றில் நின்று கேட்பவருக்கு மங்கலாகக் கேட்கும் ஒலி, துடுப்பில் காதை வைப்பவருக்கு ஏன் தெளிவாகக் கேட்கின்றது?

ஒலி ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்துக்குச் செல்லும்போது, அவ்விரண்டின் அடர்த்தியும் அவற்றில் ஒலியின் வேகமும் பெரிதும் வேறுபடின், ஒலியின் பெரும் பகுதி எல்லையிலேயே தெறித்துத் திரும்பிவிடும். நீரிலிருந்து காற்றுக்கு ஏறும் ஒலிச்சக்தியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே காற்றுக்குள் நுழைகின்றது. மரமோ இவ்விடயத்திற் காற்றைவிட நீருக்கு மிக நெருங்கியது. எனவே நீரின் அதிர்வு துடுப்பில் ஏறி, அங்கிருந்து மண்டையோட்டின் என்பு வழியாக உட்காதைச் சென்றடைகின்றது. காற்று என்ற தடையை மீனவர் சுற்றிக் கடந்துவிடுகின்றார்.

இப்போது போதனா வைத்தியசாலையின் ஸ்கான் அறைக்கு வருவோம். கர்ப்பிணித் தாயின் வயிற்றில் வைத்தியர் குளிர்ந்த களியைப் பூசுவதை எல்லோரும் கண்டிருப்பர். தோலுக்கும் கருவிக்கும் இடையே மெல்லிய காற்றுப் படலம் இருப்பினும், மீயொலி அதிற் பட்டுத் திரும்பிவிடும், குழந்தை தெரியாது. களி அக்காற்றை அகற்றுகின்றது. மீனவரின் துடுப்பு செய்யும் வேலையையே அக்களியும் செய்கின்றது. எமது நடுக்காதிலுள்ள மூன்று சிற்றென்புகளும் இதே சிக்கலைத் தீர்க்கவே அமைந்துள்ளன. காற்றில் வரும் ஒலியை உட்காதின் திரவத்துக்குள் செலுத்த வேண்டும். இல்லையேல் ஆயிரத்தில் ஒரு பங்கே உட்செல்லும். செவிப்பறையின் பெரிய பரப்பில் விழும் விசை, ஏறத்தாழப் பதினேழிலொரு பங்கான சிறிய சாளரத்திற் குவிக்கப்படுவதால் அமுக்கம் பலமடங்காகின்றது. விசையைப் பரப்பால் வகுத்தால் அமுக்கம் என்ற பத்தாந்தரச் சமன்பாடே இது. நடுக்காதில் நீர் கோத்த பிள்ளை வகுப்பில் ஆசிரியர் சொல்வது கேளாமல் 'மந்தமானவன்' எனப் பெயரெடுப்பதன் பின்னாலும் இச்சமன்பாடே உள்ளது.

காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இவ்வாவியின் இசையை 'நீரர மகளிர்' என்று பாடியதைத் தமிழாசிரியர்கள் கற்பிக்கின்றனர். அவர் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி என்பதையும், விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றியவர் என்பதையும், 1947இல் வெளிவந்த அவரது 'யாழ்நூல்' நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள கணித உறவை ஆராய்வது என்பதையும் பௌதிகவியல் ஆசிரியர்கள் கற்பித்தால் நன்று.

உதாரணங்கள் இத்துடன் முடிவதில்லை. சேலைன் போத்தலைக் கட்டிலுக்கு மேலே ஒரு மீற்றர் உயரத்தில் ஏன் தொங்கவிடுகின்றனர்? ஒரு மீற்றர் நீர்நிரல் ஏறத்தாழ 74 மில்லிமீற்றர் இரசத்துக்குச் சமனான அமுக்கத்தைத் தரும். நாளத்தின் அமுக்கம் அதனிலும் மிகக் குறைவாதலால் திரவம் உள்ளே செல்லும். நாடியிலோ அமுக்கம் 120 வரை உயர்வதால் குருதியே போத்தலை நோக்கி ஏறும். விபத்தில் குருதி இழந்து வருபவருக்குத் தடித்த, குட்டையான ஊசிக்குழாயைப் பொருத்துவது ஏன் என்பதற்குப் புவசேயின் சமன்பாடு விடை தருகின்றது. குழாயின் ஆரை இரு மடங்கானால் பாய்ச்சல் பதினாறு மடங்காகும். உயர்தர மாணவர் இச்சமன்பாட்டைப் பாகுநிலை அலகில் மனனஞ் செய்கின்றனர். அதனைக் கண்டறிந்த புவசே பிரான்சைச் சேர்ந்த ஒரு வைத்தியர் என்பதும், குருதி நுண்குழாய்களில் எவ்வாறு ஓடுகின்றது என அறியும் ஆவலே அவரை அவ்வாய்வுக்கு இட்டுச் சென்றது என்பதும் அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. சவர்க்காரக் குமிழியின் ஆரை சிறிதாகச் சிறிதாக உள்ளமுக்கம் கூடும் என்ற கணக்கும் அவ்வாறே. குறைமாதக் குழந்தையின் சுவாசப்பையிலுள்ள நுண்ணிய காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்வதற்குப் பரப்பிழுவிசையே காரணம். அதனைத் தணிக்கும் பொருள் அக்குழந்தைகளிடம் குறைவாக உள்ளது என்பதை அமெரிக்க வைத்தியரான மேரி எலன் ஏவரி 1959இல் வெளிப்படுத்தினார். அதன் பயனாகப் பிழைத்த குழந்தைகள் எண்ணற்றோர்.

வறுமை காரணமாக விரும்பிய துறையை விட்டவர்கள் எமது நாட்டில் மட்டும் இருப்பதாக எண்ண வேண்டியதில்லை. ஜேர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் படிக்க விரும்பியது பௌதிகவியல். தந்தையோ பாடசாலை ஆசிரியர், பணமில்லை. இராணுவ வைத்தியராகச் சேவை செய்வதாக ஒப்பி, அரசு செலவில் 1838இல் மருத்துவம் படிக்கச் சென்றார். பௌதிகவியலை அவர் கைவிடவில்லை. நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை அளந்ததும், 1851இல் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியை அறிமுகஞ் செய்ததும் அவரே. நீரிழிவு நோயாளரின் விழித்திரையைப் பரிசோதிக்கும் வைத்தியர்கள் அக்கருவியின் வழிவந்தவற்றையே இன்றும் கையில் ஏந்துகின்றனர். ஒளி பொருளிலிருந்து கண்ணுக்குள் வருவதாலேயே காண்கின்றோம் என்று அவருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே நிறுவிய பஸ்றாவின் இப்னு அல் ஹைதமையும் இங்கு குறிப்பிடாமல் விடுவது முறையன்று. வில்லைகளைப் பற்றிய பாடத்தை அவரிலிருந்து தொடங்கும் ஆசிரியர் ஏறாவூரிலோ காத்தான்குடியிலோ இருப்பாராயின் அம்மாணவர்கள் பாக்கியசாலிகள்.

இவ்வாறான நிலையில் செய்யக்கூடியவை யாவை? பெரிய நிதியைக் கோரும் திட்டங்களை முன்வைப்பது எளிது. அவை கோப்புகளிலேயே உறங்கிவிடுவதும் எளிது. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் தரமுயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலுக்கெனத் தனித் துறை உள்ளது. மட்டக்களப்பு நகரில் அதே பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் மருத்துவரை உருவாக்குகின்றது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு பஸ் பயணமே. மருத்துவ மாணவர்கள் விடுமுறையில் தமது ஊர்ப் பாடசாலைக்குச் சென்று பாகுநிலையையோ ஒலியையோ ஒரு நாள் நோயாளியின் பக்கத்திலிருந்து விளக்குவதற்குச் செலவு எதுவுமில்லை. காத்தான்குடியும் ஆரையம்பதியும் அருகருகே உள்ளன; ஒன்றிலுள்ள ஆய்வுகூடத்தை மற்றைய ஊர்ப் பிள்ளைகளும் சனிக்கிழமைகளிற் பயன்படுத்த அதிபர்கள் இருவர் உடன்பட்டாற் போதும். தனியார் வகுப்புகளில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒரே வாங்கிலிருந்து படிக்கின்றனர். பாடசாலைகளின் ஆய்வுகூடங்களே இன்னும் வேலிக்குள் இருக்கின்றன.

இடங்கிடைக்காத பிள்ளைகளைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவைகள் தோற்றலாம். மூன்றாவது தடவையும் மருத்துவம் ஒன்றையே எண்ணி இருபத்திரண்டு வயதுவரை வீட்டிலிருக்கும் பிள்ளைகள் எமது பிரதேசத்திற் குறைவல்லர். கதிர்ப்படவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், மருந்தாளர், தாதியர் பட்டநெறிகள் பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களில் உள்ளன. திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவமும், கொழும்பில் யுனானி மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. கதிர்ப்படவியலில் பௌதிகவியல் அடிப்படையான பாடம். அதில் 'பி' பெற்ற பிள்ளை அங்கு சிறந்து விளங்க முடியும். வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்ப எண்ணும் பெற்றோரும், இலங்கை மருத்துவ சபை உயர்தரத்தில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் சித்திகளை எதிர்பார்க்கின்றது என்பதையும், திரும்பி வந்த பின்னர் பதிவுக்கான பரீட்சை ஒன்று காத்திருக்கின்றது என்பதையும் முகவருக்குப் பணங்கட்டுவதற்கு முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

உயர்தர வகுப்பின் முதல் வாரத்தில் நடைபெறும் பாடத் தெரிவையும் இங்கு சொல்லியாக வேண்டும். உயிரியல் பிரிவில் பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானத்தைத் தெரிவு செய்ய இடமுண்டு. அது பயனுள்ள பாடமே. விவசாய பீடத்துக்கு அது வழிவிடும். ஆனால் மருத்துவத்துக்கான வழி அந்நாளிலேயே மூடப்படுகின்றது. பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத பாடசாலைகளில், ஆசிரியர் இருக்கும் பாடத்துக்கு மாணவரை மாற்றிவிடுவது நிர்வாகத்துக்கு வசதியானது. அவ்வாறு மாற்றப்படும் பதினாறு வயதுப் பிள்ளைக்கும், கையொப்பமிட வரும் தாய் தந்தையருக்கும் இதன் பொருள் என்னவென்பதை, படிவத்தை நீட்டும் ஆசிரியர் அவ்விடத்திலேயே வாய்திறந்து சொல்ல வேண்டும்.